தனித்து நிற்கும் துணை

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரண சிகிச்சை அறையில், மார்பு திறக்கப்பட்டு, இருதயத்தின் வேலையையும் சுவாசகோசங்களின் வேலையையும் ஒரு யந்திரம் ஏற்று நடத்திக்கொண்டிருக்க, மயக்கத்தில் ஆழ்ந்து கிடக்கும் ஒரு நோயாளியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அவருடைய உடலைவிட்டு வெளியே வரும் இரத்தம் குழாய்களின் வழியே சென்று, பிராணவாயுவைப் பெற்று, மீண்டும் உடலுக்குள் திரும்ப வேண்டுமானால் ஒரு பம்பு இடையறாது சுழல வேண்டும். அது சுழல மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரமோ எங்கோ நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பிறந்து, மழையிலும் புயலிலும் நிற்கும் கோபுரங்களின் மேல் தொங்கும் கம்பிகளைப் பற்றிக்கொண்டு வந்து, துணை மின்நிலையங்களைக் கடந்து, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் இறங்கி, கடைசியில் இந்த அறையின் சுவருக்குள் நுழைகிறது. நம் வீட்டில் கரண்ட் போனால் விசிறி நிற்கும். திண்ணையில் வந்து உட்கார்ந்தால் காற்று வரும். இந்த அறையில் அது போனால் ஒரு பிராணன் ஊசலாடும்.

இவ்வளவு நீண்ட பாதையில் எங்கும் எப்போதும் தடை நேராது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி நம் தேசத்தின் வடக்கு மின்வலை முழுவதும் சரிந்தது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று வலைகளும் சேர்ந்து சரிந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பிரதேசம் இருளில் மூழ்கியது. ஆகையால், நிற்கக் கூடாத இடங்களுக்கு மின்சாரம் அமைக்கும் சாஸ்திரம், மின்சாரம் நிற்கத்தான் போகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தக் கணத்தில் என்ன நிகழ வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. ஆஸ்பத்திரி, அணுமின் நிலையம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம், தொலைபேசி நிலையம் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்தச் சாஸ்திரம் ஒன்றே.

பத்து விநாடிகளுக்குள்

முதற்காரியம், எது எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று தரம் பிரிப்பது. துணி வெளுக்கும் யந்திரம் ஒரு மணி நேரம் பொறுக்கும். நடைபாதை விளக்கு சில விநாடிகள் பொறுக்கும். அறுவை மேஜையின் மேல் தொங்கும் விளக்கு அதுகூடப் பொறுக்காது. சர்வதேச மின்தொழில்நுட்பக் குழுவின் ஆஸ்பத்திரி விதிகள், அந்த விளக்கு அரை விநாடிக்குள் மீண்டும் எரிய வேண்டும் என்றும், உயிர் காக்கும் மற்ற முக்கிய உபகரணங்களுக்கு 15 விநாடிக்குள் மின்சாரம் திரும்ப வேண்டும் என்றும் வகுத்திருக்கின்றன. அமெரிக்க விதிகள் அவற்றுக்கு 10 விநாடிதான் அவகாசம் தருகின்றன.

அரை விநாடியில் எந்த எஞ்சினும் கிளம்பாது. அந்த இடைவெளியை நிரப்புவது யூ.பி.எஸ். என்று நாம் பழகிவிட்ட கருவி. மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள்: தெருக்குழாயிலிருந்து தொட்டிக்கு நீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, தொட்டியிலிருந்து வீட்டுக்குழாய்க்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது, தெருக்குழாய் நின்றுபோனாலும் வீட்டுக்குழாயைத் திறந்தவருக்கு அது தெரிவதில்லை. அதுபோலவே வெளியிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம் நேர்த்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு, பாட்டரிகளை நிரப்பியபடியே, மறுபடியும் மாறுதிசையாக உருவெடுத்து உபகரணங்களுக்குச் செல்கிறது. தொட்டி வற்றுவதற்குள் டீசல் ஜெனரேட்டர் எழுந்து நிற்க வேண்டும். அதன் எஞ்சினை ஒரு சிறு ஹீட்டர் இராப்பகலாக வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது. வெளி மின்சாரம் தாழ்ந்ததை உணர்ந்ததும் அதற்கெனவே உள்ள பாட்டரி அதை உதைத்துக் கிளப்ப, அது நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்ற வேகத்தை எட்டி, விநாடிக்கு 50 அலைகளை உடைய மின்சாரத்தைத் தரத் தொடங்குகிறது. அப்போது ஒரு மாற்றுச் சுவிட்சு தன் கையை வெளிக்கம்பியிலிருந்து எடுத்து ஜெனரேட்டரின் கம்பியின் மேல் வைக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடாதபடி அந்தச் சுவிட்சு அமைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு: தொட்டால், ஆஸ்பத்திரியின் மின்சாரம் பின்னோக்கித் தெருவுக்குப் பாய்ந்து, மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஒரு தொழிலாளியின் உயிரைக் குடித்துவிடும்.

நிற்காமல் இருப்பதோடு, நோயாளியைத் தீண்டாமலும் இருக்க வேண்டும் என்பது அந்த அறையின் இரண்டாவது நியமம். சாதாரண மின்சாரத்தின் ஒரு முனை பூமியோடு கட்டப்பட்டிருப்பதால், மற்ற முனையைத் தொட்டவன் உடல் வழியே மின்சாரம் மண்ணுக்கு இறங்குகிறது. அதைத் தடுக்க வீடுகளில் பொருத்தும் காவல் சுவிட்சு, 30 மில்லி ஆம்பியர் கசிந்ததும் மின்சாரத்தை வெட்டிவிடும்; இருதயத்துக்குள்ளேயே குழாய் செலுத்தப்பட்டிருக்கும் நோயாளிக்கோ, ஒரு ஆம்பியரின் லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மைக்ரோ ஆம்பியர்தான் அனுமதிக்கப்பட்ட எல்லை. அது மட்டுமன்று, அறுவையின் நடுவே காவலே மின்சாரத்தை வெட்டினால் அதுவும் ஆபத்து. ஆகவே இந்த அறைக்குத் தனியே ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து, அதன் இரு முனைகளில் எதையும் பூமியோடு கட்டாமல் மிதக்க விட்டிருக்கிறார்கள். ஒரு முனை எங்கேனும் தவறிப் பட்டாலும் மின்சாரம் திரும்பிச் செல்ல வழியில்லாததால், ஆபத்தான அளவில் அது பாய்வதில்லை. ஒரு மணி மட்டும் ஒலித்துக் குற்றத்தை அறிவிக்கிறது. வைத்தியர் தம் வேலையை முடிக்கிறார்.

எண்ணிக்கையின் மயக்கம்

இத்தனையும் செய்த பிறகும், அந்த டீசல் ஜெனரேட்டர் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. இன்னொன்று வை என்பது எவருக்கும் தோன்றும் விடை. நூறு முறை அழைத்தால் ஒரு முறை கிளம்பாத ஜெனரேட்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அத்தகையவை இரண்டு இருந்தால், இரண்டும் சேர்ந்து கைவிடுவது பதினாயிரத்தில் ஒரு முறை. மூன்று இருந்தால் பத்து லட்சத்தில் ஒரு முறை. கணக்கு மனத்துக்கு மிகுந்த ஆறுதலைத் தருகிறது. ஆனால் இந்தப் பெருக்கல், ஒன்று கெடுவதற்கும் மற்றொன்று கெடுவதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்னும் நிபந்தனையின் மேல் நிற்கிறது. இரண்டு ஜெனரேட்டர்களுக்கும் டீசல் ஒரே தொட்டியிலிருந்து வருமானால், அந்தத் தொட்டியில் நீர் கலந்த அன்று இரண்டும் ஒன்றே. இரண்டின் கேபிள்களும் ஒரே தட்டில் ஓடுமானால், அந்தத் தட்டில் தீப்பிடித்த அன்று இரண்டும் ஒன்றே. பதினாயிரத்தில் ஒன்று என்று நாம் காகிதத்தில் எழுதி வைத்தது, மீண்டும் நூற்றில் ஒன்றாகத் தாழ்ந்துவிடுகிறது. தாழ்ந்தது நமக்குத் தெரிவதும் இல்லை. கடந்த அரை நூற்றாண்டின் பெரிய மின் விபத்துகள் பலவற்றை ஆராய்ந்தால், துணை இல்லாததால் நேர்ந்தவை குறைவு. துணையாக வைத்தவையெல்லாம் ஒரே வேரில் நின்றதால் நேர்ந்தவையே மிகுதி.

1975ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி, அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் உள்ள பிரௌன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தில், கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கேபிள்கள் பரவிக் கிடக்கும் அறையில் தொழிலாளர்கள் காற்றுக் கசிவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் கேபிள்கள் நுழையும் துவாரங்களை நுரைப்பொருளால் அடைத்திருந்தார்கள். அதன் இடுக்கில் காற்று ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மெழுகுவத்தியின் சுடரைப் பிடித்தார்கள். காற்று சுடரை உள்ளே இழுத்தது, நுரை பற்றிக்கொண்டது, சுவரின் மறுபக்கத்துக்குத் தீ தாவியது. சுமார் 7 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,600க்கு மேற்பட்ட கேபிள்கள் நாசமாயின. முதலாவது உலையின் அவசரக் குளிர்விப்பு அமைப்புகள் அத்தனையும் செயலிழந்தன. வேறு காரியத்துக்காக வைத்திருந்த பம்புகளைக் கொண்டு நீர் செலுத்தி, ஊழியர்கள் உலையைக் காப்பாற்றினார்கள். அமைப்புகள் பல, அவற்றுக்குரிய கம்பிகளோ ஒரே பாதையில் கைகோத்துச் சென்றன. அதன் பிறகு அந்நாட்டில் எழுந்த விதி, ஒரே காரியத்துக்குத் துணையாக உள்ள இரு கேபிள் வரிசைகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் தீயைத் தாங்கும் சுவராவது இருக்க வேண்டும், அல்லது எரியும் பொருள் ஏதுமில்லாத 20 அடி இடைவெளியும் தீயை அறிந்து அணைக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று கூறியது.

நரோராவின் இரவு

ஒரு தேசம் கற்ற பாடத்தை இன்னொரு தேசம் தானும் பட்டே கற்கிறது என்பது வருத்தத்துக்குரியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1993ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி விடியற்காலை மூன்றரை மணியளவில், உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கும் நரோரா அணுமின் நிலையத்தின் முதலாவது உலையில், டர்பைனின் கடைசி வரிசை இலைகளில் இரண்டு, உலோகச் சோர்வால் முறிந்து பறந்தன. சமநிலை இழந்த டர்பைன் பயங்கரமாக அதிர்ந்தது; அதனோடு இணைந்த மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு வெளியே பீறிட்டுத் தீப்பற்றியது; எண்ணெயும் சேர்ந்து எரிந்தது; தீ, கேபிள்களைப் பற்றிக்கொண்டு ஓடியது. ஊழியர்கள் ஒரு நிமிஷத்துக்குள்ளாகவே உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அணு உலை, அடுப்பைப்போல் அணைத்தவுடன் ஆறிவிடுவதன்று. எரிபொருளுக்குள் நிகழும் கதிரியக்கச் சிதைவின் வெப்பம் நாட்கணக்கில் நீங்காது நிற்கும். அதை அகற்ற நீர் ஓட வேண்டும். நீர் ஓட மின்சாரம் வேண்டும்.

அந்த மின்சாரத்துக்குத் துணையாக டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. அவற்றின் கேபிள்களும், அவற்றை ஆளும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும், ஒன்றுக்கொன்று துணையாக வேண்டியவை ஒரே வழியில் செலுத்தப்பட்டிருந்தபடியால், சேர்ந்தே எரிந்தன. நிலையம் முழுவதும் இருண்டது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைந்ததால் ஊழியர்கள் அதைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. விளக்கும் இல்லை, அளவிகளும் இல்லை. உலையின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கண்ணும் இல்லை. அந்த நிலை சுமார் 17 மணி நேரம் நீடித்தது.

அந்த இருளில் உலையைக் காத்தவை மூன்று. தீயணைப்பதற்காக வைத்திருந்த பம்புகளைத் தனித்தனி டீசல் எஞ்சின்கள் நேரே சுழற்றின. அவற்றுக்கு நிலையத்தின் மின்சாரம் தேவையாக இருக்கவில்லை. ஊழியர்கள் அவற்றைக் கிளப்பி, நீராவி உண்டாக்கும் கலங்களுக்குத் தீயணைப்பு நீரைச் செலுத்தினார்கள். அந்தக் கலங்கள் உலைக்கு மேலே இருந்தமையால், உலையில் சூடான நீர் தானே மேலெழுந்து, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு, கனத்துக் கீழிறங்கி, பம்பின் உதவியின்றியே சுழன்றுகொண்டிருந்தது. மூன்றாவது துணை, கை டார்ச்சுகளைப் பிடித்துக்கொண்டு இருளில் மேலேறிச் சென்று, வால்வுகளைக் கையால் திறந்து, அணுப்பிளவு மீண்டும் தொடங்காதபடி போரான் கரைசலைப் புவியீர்ப்பால் உலைக்குள் இறங்கச் செய்த மனிதர்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. தனித்து நின்ற ஓர் எஞ்சின், எவராலும் நிறுத்த முடியாத ஓர் இயற்கை நியதி, கடமையினின்றும் விலகாத சில மனிதர்கள்: எரிந்த கேபிள்களுக்கும் இவற்றுக்கும் பொதுவானது ஒன்றுமே இல்லை, அதனால்தான் இவை எஞ்சின. பின்னர் நம் அணுமின் நிலையங்களில் கேபிள்களைப் பிரித்து வைக்கவும், நடுவே தீத்தடுப்புகளை எழுப்பவும் ஏற்பாடுகள் நடந்தன.

பொதுவான வேர் எப்போதும் தீயின் பாதையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை; ஒரே மாதிரியான வார்ப்பும் போதும். ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில், 2006ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி, வெளியே மின்முற்றத்தில் ஏற்பட்ட ஒரு குறுக்குச்சுற்றின் விளைவாக மின்னழுத்தம் திடீரென்று எகிறியது. அங்கே தனித்தனியாக நான்கு பிரிவுகளும், அவற்றுக்கு நான்கு யூ.பி.எஸ். தொகுதிகளும் இருந்தன. அவை நான்கும் ஒரே அமைப்பினவாதலால், நான்கையும் ஒரே அலை தாக்கியது, இரண்டு வீழ்ந்தன. வீழ்ந்தவற்றை நம்பியிருந்த இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் ஓடினபோதிலும், தாமே சுமையை ஏற்கவில்லை. இருபது நிமிஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு ஊழியர்கள் கையால் அவற்றை இணைத்தார்கள். மற்ற இரண்டும் வீழாமல் தப்பியது நல்லூழ்.

நீர் தேடும் பள்ளம்

கனமான யந்திரங்களைத் தரைக்குக் கீழே வைப்பது கட்டடக் கலைஞர்களின் பழைய வழக்கம். மேல்தளங்களின் இடம் மிச்சமாகிறது. அதிர்வும் ஓசையும் மேலே எட்டுவதில்லை. ஆனால் வெள்ளமும் பள்ளத்தைத்தான் தேடி வருகிறது.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கடற்கரையைப் பெரும் பூகம்பம் குலுக்கியபோது, ஃபுகுஷிமா டாயிச்சி நிலையத்துக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் முழுவதும் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் எதிர்பார்த்தபடியே எழுந்து ஓடின. ஏறத்தாழ ஐம்பது நிமிஷங்களில் பெரிய ஆழிப்பேரலை வந்தது. முதல் நான்கு உலைகளின் தளம் கடல்மட்டத்துக்கு 10 மீட்டர் மேலே இருந்தது. அலை அதையும் விஞ்சி ஏறி, டர்பைன் கட்டடங்களின் அடித்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்களையும் பாட்டரிகளையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. உலையின் நீர்மட்டத்தைக் காட்டும் அளவிக்கு உயிரூட்ட, ஊழியர்கள் மோட்டார் வண்டிகளிலிருந்து பாட்டரிகளைக் கழற்றிக் கொண்டுவந்து இணைக்க நேர்ந்தது.

அந்நிகழ்ச்சியில் நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இரண்டாவது, நான்காவது உலைகளுக்கென்று வேறொரு கட்டடத்தில், காற்றால் குளிரும் ஜெனரேட்டர்கள் இரண்டு, அடித்தளத்தில் இல்லாமல் தரைத்தளத்தில் இருந்தன. அலை அவற்றை மூழ்கடிக்கவில்லை. ஆயினும் அவற்றின் மின்சாரத்தைப் பெற்று அனுப்ப வேண்டிய பலகைகள் கீழே மூழ்கிவிட்டமையால், பிழைத்த யந்திரங்கள் பயன்படவில்லை. ஆறாவது உலைக்கெனத் தனிக் கட்டடத்தில், சற்று உயர்ந்த தரையில் இருந்த காற்றால் குளிரும் ஒரு ஜெனரேட்டர் மட்டும், தன் பலகையோடும் கேபிளோடும் சேர்ந்து பிழைத்தது. ஐந்தாம் ஆறாம் உலைகள் இரண்டையும் அது ஒன்றே காப்பாற்றியது. குளிர்வதற்குக் கடல்நீரும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. துணை என்பது யந்திரம் மட்டுமன்று. எரிபொருளிலிருந்து கடைசி ஸ்குரூ வரை உள்ள முழுச் சங்கிலியும் தனித்து நின்றால்தான் அது துணை.

நியூயார்க்கின் பழம்பெரும் பெல்வியூ ஆஸ்பத்திரி, 2012ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய ஸாண்டி புயலின்போது இதே உண்மையைக் கண்டது. ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாவது மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசலை மேலேற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியர்களும் உதவிக்கு வந்தவர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, டீசலைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே சேர்த்தார்கள். முடிவில் நோயாளிகள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, சென்னையில் ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளம் ஜெனரேட்டர் இருந்த இடத்துக்குள் புகுந்தது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்களை வெள்ளத்தினிடையே வேறிடங்களுக்குக் கொண்டுபோகும் துயரத்தை நாம் நம் கண்ணெதிரிலேயே பார்த்தோம்.

மௌனமாகக் கெடுபவை

தீயும் வெள்ளமும் ஆரவாரத்தோடு வருகின்றன. ஆரவாரமில்லாமல் வருவது துரு. காத்திருக்கும் கருவியின் தனிப்பட்ட ஆபத்து, அது கெட்டுப்போனதை அழைக்கும்வரை சொல்லாது என்பதே. வரிசையாகக் கோக்கப்பட்ட பாட்டரிகளில் ஒரே ஒரு கலம் உள்ளே அறுந்தால் வரிசை முழுவதும் பயனற்றதாகிறது. வெளித்தோற்றத்தில் எல்லாம் பளபளவென்று இருக்கும். நெடுநாள் கிடக்கும் டீசலில் ஈரம் சேர்ந்து, கிருமிகள் வளர்ந்து, பாசி போன்ற கசடு வடிகட்டியை அடைக்கிறது. இறுக்கம் தளர்ந்த ஓர் இணைப்பைப் பாருங்கள்: அதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், 400 ஆம்பியர் பாயும்போது மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்க, 160 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் பிறக்கிறது. வெப்பத்தால் உலோகம் கறுக்கிறது. கறுத்தால் தடை ஏறுகிறது. தடை ஏற வெப்பம் இன்னும் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வெப்பத்தைக் காட்டும் அகச்சிவப்புக் காமிராவால் பலகைகளை ஆண்டுதோறும் பார்த்து வருவது, பெருந்தீயைப் பொறியாக இருக்கும்போதே கண்டு அணைப்பதாகும்.

ஜெனரேட்டரை மாதந்தோறும், அதன் வல்லமையில் 30 சதவிகிதத்துக்குக் குறையாத சுமையோடு, அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. சுமையில்லாமல் ஓட்டுவது சோதனையாகாது. சரிவரச் சூடேறாத எஞ்சினில் எரியாத எண்ணெய் படிந்து, அதுவே ஒரு வியாதியாகிவிடும். உண்மையாகவே வெளி மின்சாரத்தை நிறுத்தி, சங்கிலி முழுவதும் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. நிர்வாகிகள் அதற்கு அஞ்சுகிறார்கள். ஆனால் நாமே தேர்ந்தெடுத்த ஒரு காலை வேளையில், வைத்தியர்களும் மின்பணியாளர்களும் தயாராக நிற்கும்போது கெடுவது, புயலடிக்கும் நள்ளிரவில் கெடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

இந்தப் பணியைச் செய்பவர்களின் உயிரும் நம் பொறுப்பே. மின்பலகைக்குள் இரு கம்பிகளுக்கு நடுவே வில்பொறி வெடித்தால் அங்கே ஏறத்தாழ 20,000 டிகிரி வெப்பம் உண்டாகக்கூடும்; அது சூரியனின் மேற்பரப்பைவிட மூன்று மடங்குக்கு மேல். நம் மின்வாரியத் தொழிலாளர்கள் லைன் கிளியர் வாங்காமல் கம்பத்தைத் தொடக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருப்பதைப்போல, மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் பார்த்து, கம்பிகளைப் பூமியோடு இணைத்த பிறகே கைவைக்க வேண்டும். நிற்கக் கூடாத இடம் என்ற காரணத்தைக் காட்டி, உயிரோடு இருக்கும் கம்பியில் வேலை செய்யச் சொல்வது தர்மமன்று. ஒரு பாதையை நிறுத்தினாலும் மற்றொரு பாதை நோயாளியைக் காக்கும்படி முன்பே அமைத்திருந்தால், அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே எழாது. தனித்து நிற்கும் துணை நோயாளியைக் காப்பதோடு, அதைப் பழுதுபார்ப்பவனையும் காக்கிறது.

இந்த அத்தியாயத்தைப் படித்த வாசகர் பொறியியல் கற்றவராக இருக்க வேண்டியதில்லை. தம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர் சில கேள்விகள் கேட்கலாம். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது? ஊரில் வெள்ளம் வந்த ஆண்டில் நீர் எந்த உயரம் வரை ஏறியது? அதன் டீசல் எந்த வழியாக, எந்தப் பம்பால் ஏறுகிறது? அதன் பலகை எந்தத் தளத்தில் உள்ளது? இரண்டாவது கேபிள் முதலாவதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறதா? வெளி மின்சாரத்தை மெய்யாகவே நிறுத்திக் கடைசியாக என்று பார்த்தார்கள்? விடை சொல்பவர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் வேலை பகல் வெளிச்சத்தில், வெயில் காயும் நாளில், இன்றே தொடங்க வேண்டியது. மார்பு திறந்து கிடப்பவர் அந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. அவருக்காக நாம்தான் கேட்க வேண்டும்.